அரைத் தமர்

மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில், எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் கரட்டிலிருந்து ஒரு குரல் வரும். "வேட்டு... வேட்டேய்..." என்று மூன்று முறை இழுத்துக் கூப்பிடுவார்கள். வண்டிப் பாதையில் வருகிறவர்கள் மாட்டைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். அம்மா அடுப்படி அலமாரிக்கு ஓடி, விளிம்பில் இருக்கும் எவர்சில்வர் செம்புகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வாள். மூன்றாவது கூப்பாடு அடங்கியதும் தெருவில் கோழிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு தரை ஒரு முறை தூக்கிப் போடும். சத்தம் அதற்குப் பிந்தித்தான் வரும். வேட்டை முதலில் உள்ளங்காலால் கேட்டு, அப்புறம் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது ஊர். அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனார்கள். மீதிப் பேருக்கு மானாவாரிக் காடு. மழை பொய்த்த வருஷம் அவர்களும் ஆலைக்குத்தான். கரட்டில் கல்லுடைக்கப் போனது பத்துப் பதினைந்து குடும்பம். அதில் எங்கள் தாத்தா வீடும் ஒன்று. அப்பா கல்லை விட்டுவிட்டுப் பட்டாசுக்கு மாறிவிட்டார். அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டுவாள்.

ஆக, வீட்டுக்குள் இரண்டு தொழில். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் ஏறத்தாழ 75, 15, 10 என்ற கணக்கில் சேர்த்தால் கருமருந்து. அப்பா அதைக் காகிதக் குழாய்க்குள் செலுத்தினால் வெடி. தாத்தா பாறைக்குள் செலுத்தினால் வேட்டு. ஆனால் இருவருடைய சட்டங்களும் நேர் எதிர். ஆலையில் மருந்து அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும், இடுப்பில் சாவிக்கொத்து இருக்கக் கூடாது, கையாளும் சாமானெல்லாம் மரமோ பித்தளையோதான். இரும்பும் கல்லும் உரசி ஒரு பொறி பறந்தால் கதை முடிந்தது. தாத்தா அப்பாவைச் சீண்டுவார்: "உங்க ஆலையில இரும்பும் கல்லும் தொட்டுக்கிட்டா சாவு. எங்களுக்கு அது ரெண்டும் தொட்டாத்தாம்லே சோறு."

கரிசல் மண்ணைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மழை பெய்தால் அது ஊதும். கோடையில் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் அப்படியே சுவர் எழுப்பினால் இரண்டாம் வருஷமே நிலைப்படிக்கு மேல் கீறல் ஓடும். எனவே கரிசலைத் தோண்டி எடுத்து, கீழே சுக்கான் தட்டும் வரை போய், அங்கிருந்து கல் போட்டு எழும்ப வேண்டும். கரிசல் காட்டுக்காரனுக்குக் கல் அவசியம். ஆனால் கரிசலில் கல் கிடையாது. அதனால்தான் அங்கங்கே தலைகாட்டிய கரடுகளுக்கு அவ்வளவு மரியாதை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்கடியில் போய்ப் பார்த்தாலும் ஏதோ ஒரு கரட்டின் துண்டு கிடக்கும்.

தாத்தா கல்லை உடைப்பதற்கு முன்னால் அதோடு ரொம்ப நேரம் பேசுவார். பேச்சு என்றால் சுத்தியல் பேச்சு. பாறையின் மேல் அங்கங்கே தட்டிக்கொண்டே நடப்பார். கணீரென்று பதில் வந்தால் உள்ளே முழுக்கல். அடைத்த தொண்டை மாதிரி வந்தால் அடியில் எங்கோ பிளவு இருக்கிறது. சிலை செய்யும் ஸ்தபதிகளும் இப்படித்தான் தட்டிப் பார்த்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு செம்புத் தண்ணீரைப் பாறை மேல் வீசிவிட்டு ஒரு பீடி பிடிக்கும் நேரம் உட்கார்ந்திருப்பார். பாறை காய்ந்துவிடும், மயிரிழை மாதிரி ஒரு கோடு மட்டும் ஈரம் காயாமல் கிடக்கும். "அந்தா தெரியுதா, கல்லு தன் ரகசியத்தச் சொல்லிருச்சு" என்பார். அந்தக் கோடும் அதன் போக்கும் அவருக்குக் 'கல்லோட்டம்'. ஓட்டத்தை அனுசரித்து அடித்தால் பிளக்கும். குறுக்கே அடித்தால் சில்லாகச் சிதறும்.

அஸ்திவாரக் கல்லுக்குத்தான் வேட்டு. தூண், படிக்கல், உரல் என்று முழுசாக வேண்டும் என்றால் ஆப்புதான். ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகக் குழி கொத்தி, குழிக்கு ஒன்றாக இரும்பு ஆப்பை நிறுத்தி, சம்மட்டியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வோர் அடி. திரும்ப முதலிலிருந்து இன்னோர் அடி. ஆத்திரப்பட்டு ஒரே ஆப்பில் இரண்டு அடி போடக் கூடாது. சுற்றுக்குச் சுற்று சத்தம் மேலே ஏறும். ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் தாத்தா சம்மட்டியைக் கீழே வைத்துவிடுவார். பீடி எடுப்பார். ஒன்றும் நடக்காது. நான் பொறுமை இழந்து எழுந்திருக்கும்போது கல்லுக்குள்ளிருந்து துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வரும். அடித்தபோது உடையாத கல், அடிக்காமல் விட்ட நேரத்தில் பிளக்கும். அந்தப் பீடி நேரம்தான் அந்தத் தொழிலின் சூட்சுமம்.

வேட்டுக்குத் துளை போடுவதைத் தமர் அடிப்பது என்பார்கள். கடப்பாரை மாதிரியான நீண்ட கம்பியைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும்; ஒவ்வொரு தரமும் கொஞ்சம் திருப்பி. தண்ணீர் விட்டு, குழம்பும் கல்மாவை ஒரு தகரக் கரண்டியால் வழிக்க வேண்டும். இரண்டு முழத் தமருக்கு ஒரு காலை போய்விடும். பிறகு மருந்து, திரி, மேலே களிமண் அடைப்பு. களிமண்ணை இடிக்கும்போது மட்டும் இரும்பு கூடாது, மரக்கட்டைதான். அந்த ஓர் இடத்தில் அப்பாவின் சட்டமும் தாத்தாவின் சட்டமும் ஒன்றாகிவிடும்.

எண்பதுகளில் கம்ப்ரசர் டிராக்டரும் ஜாக்ஹேமரும் வந்தன. ஒரு காலை வேலை அரை மணிக்குள் முடிந்தது. அதோடு புழுதியும் வந்தது. தண்ணீர் விட்டு அடித்த காலத்தில் சேறாக வழிந்த கல்மாவு, இப்போது வெள்ளைப் புகையாகப் பறந்து மூக்குக்குள் போனது. ஜாக்ஹேமர் பிடித்தவர்கள் சாயங்காலம் கரட்டிலிருந்து இறங்கும்போது புருவம் நரைத்துத் தெரியும். குளித்தால் அந்த நரை போய்விடும். நெஞ்சுக்குள் படிந்தது போகாது. சிலிகோசிஸ் என்ற பெயர் எங்களுக்கு அப்போது தெரியாது. "கல்லுத் தூசி இருமல்" என்றார்கள். டிபி என்று நினைத்து மாத்திரை தின்றார்கள்.

பிறகு கரட்டடியில் கிரஷர் வந்தது. ஆப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. எல்லாக் கல்லும் ஜல்லிக்குத்தான் என்றான பின் ஓட்டம் பார்ப்பானேன், தண்ணீர் தெளிப்பானேன்? தாத்தா சம்மட்டிகளை நெல்லுக் குதிருக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டார். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கேட்டால் மட்டும் திண்ணைக்கு வந்து, கொத்துகிறவனுடைய உளி பிடிக்கும் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வேட்டில்லாமல் கல்லை அறுக்கும் கம்பியை நான் பார்த்தது மேலூர் பக்கத்தில். 2000-ஐ ஒட்டிய வருஷங்கள். மாமா அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கிரானைட் பிளாக்கை ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் வேலை. ஒரு லீவு நாளில் என்னையும் கூட்டிப்போனார். குவாரிக்குள் இறங்கியதும் ஏதோ குறைகிறது என்று பட்டது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. தரை அதிரவில்லை. அவ்வளவு பெரிய பள்ளம், வீடு வீடாகக் கல் கிடக்கிறது, கேட்பதெல்லாம் ஒரு நீண்ட ரீங்காரம். மாவு மில்லில் பெல்ட் ஓடுவதுபோல.

"ஒயர் சா ஓடுது. நேர்ல நிக்காத, இப்பிடி ஓரமா வா" என்றார் மாமா.

பாறையின் மேல்தளத்திலிருந்து நேர் கீழே ஒரு தமர் இறக்கியிருந்தார்கள். அடியில் பக்கவாட்டிலிருந்து இன்னொரு தமர். இரண்டும் கல்லின் வயிற்றுக்குள், யார் கண்ணுக்கும் தெரியாத ஓர் இடத்தில் சந்திக்க வேண்டும். சந்தித்துவிட்டதா என்று அறிய அவர்கள் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நைலான் கயிற்று நுனியில் ஒரு கந்தல் துணியை முடிந்து மேல் தமருக்குள் விட்டு, கம்ப்ரசர் காற்றை அடித்தார்கள். கீழ்த் தமர் வழியாகக் கந்தல் துணி 'தொப்'பென்று வெளியே விழுந்தது. அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துத்தான் கம்பியைக் கல்லுக்குள் கோர்ப்பது.

கம்பியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் ஆபரேட்டர். சுண்டுவிரல் கனம்தான். நடுவே எஃகு வடம். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன உருளை மணிகள், ஒவ்வொன்றும் 11 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். மீட்டருக்கு 40 வாக்கில். மணியின் மேற்பரப்பில் செயற்கை வைரத்தூள் பதித்திருக்கிறார்கள். மணிக்கும் மணிக்கும் இடையில் வடம் தெரியாமல் ரப்பர் உறை. எங்கள் ஊர்க்காரனுக்கு அதைப் பார்த்தால் வேறென்ன ஞாபகம் வரும்? திண்ணையில் பெண்கள் பின்னிப் போடும் சரவெடிதான்.

இரண்டு முனைகளையும் இணைப்பதற்கு முன் அவர் கம்பியை முறுக்கினார். மீட்டருக்கு ஒன்றரை முறுக்குக் கணக்காம். "முறுக்காம மாட்டுனா மணி ஒரே பக்கமாத் தேஞ்சு போகும் தம்பி. முறுக்கி விட்டா தானாச் சுத்திக்கிட்டே ஓடும், வட்டம் கெடாது." பிறகு இரு முனைகளையும் ஓர் உலோகக் குழலுக்குள் செருகி அழுத்தியில் வைத்து நசுக்கினார். முடிவில்லாத ஒரு வளையமாகிவிட்டது கம்பி. அதை எந்திரத்தின் பெரிய சக்கரத்தில் மாட்டி, வெட்டும் இடத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மெல்ல ஓட்டத் தொடங்கினார்.

விநாடிக்கு 25 மீட்டர் வாக்கில் ஓடும் என்றார்கள். மணிக்கு 90 கிலோமீட்டர். எந்திரம் தண்டவாளத்தில் நிற்கிறது. கம்பி கல்லைத் தின்னத் தின்ன வளையம் தொய்யும். தொய்வை இழுத்துக்கொண்டு எந்திரம் அங்குலம் அங்குலமாகப் பின்னே நகரும். ஆபரேட்டர் கல்லைப் பார்க்கவே இல்லை. கரண்டு எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஏறினால் வேகத்தைக் குறைப்பார். தாத்தா காதால் செய்ததை அவர் கண்ணால் செய்தார். கீழே வெட்டிலிருந்து பால் மாதிரி கல்மாவுத் தண்ணீர் வழிந்தது. காற்றில் தூசி இல்லை. யார் புருவமும் நரைத்திருக்கவில்லை.

கழுகுமலை வெட்டுவான் கோயில் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். தாத்தா இரண்டு முறை கூட்டிப்போயிருக்கிறார். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவில் நின்ற ஒற்றைப் பாறையைச் சிகரத்திலிருந்து கீழ்நோக்கிக் கோயிலாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். சுற்றிலும் வெட்டி நடுக்கல்லை மலையிலிருந்து விடுவிப்பது என்ற அதே யோசனைதான் இங்கேயும். அங்கே உளி, இங்கே கம்பி.

கம்பியால் கல் அறுப்பது இத்தாலியில் கராரா பளிங்குச் சுரங்கங்களில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. அன்றைக்கு வைரம் கிடையாது. முறுக்கிய எஃகுக் கம்பி ஓட, அதன் மேல் மணலும் தண்ணீரும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அறுப்பதெல்லாம் மணல்தான். எழுபதுகளின் கடைசியில் அதே கராராவில் வைர மணிக் கம்பி ஓடத் தொடங்கியது. பளிங்கைவிடக் கடினமான கருங்கல்லுக்கு அது பக்குவப்பட இன்னும் சில வருஷம் பிடித்தது. அங்கிருந்து கர்நாடகம், ஆந்திரம், கிருஷ்ணகிரி, மேலூர் என்று வந்து சேர்ந்தது.

சாயங்காலம் பிளாக்கைச் சாய்த்தார்கள். அது விழும் இடத்தில் மண்ணைக் குவித்து மெத்தை போட்டிருந்தார்கள். அறுத்த இடுக்குக்குள் தட்டையான பையைச் செருகிக் காற்றடித்தார்கள். கல் மூச்சு விடுவதுபோல மெல்ல முன்னே சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தது. 3 மீட்டர் நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம் என்றாலே ஒரு பிளாக் 18 டன் தேறும். பின்னால் நின்ற பாறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அல்வாவைக் கத்தியால் நறுக்கிய மாதிரி இருந்தது. ஒரு தமர்த் தடம், ஒரு கரிப்பிடித்த வடு கிடையாது.

ஊருக்குத் திரும்பித் தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்பிக்குக் கல்லோட ஓட்டம் தெரியுமாலே?"

"தெரிய வேண்டியதில்ல தாத்தா. குறுக்கே போனாலும் அறுத்துரும்."

அது அவருக்குப் பிடிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார்.

ஆகும் என்றேன். ஓட்டத்தில் கம்பி அறுந்தால் மணிகள் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். அதனால்தான் நேரே நிற்கக் கூடாது என்று மாமா இழுத்துப் போனார். பழைய கன்வேயர் பெல்ட்டைத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"அப்பச் சரி. அதுவும் வேட்டுதான்" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "நம்ம கரட்டுக்கும் அந்த மிஷினு வருமாலே?"

நான் சிரித்துவிட்டேன். ஜல்லிக்காக உடைக்கும் கல்லை யாராவது வைரக் கம்பியால் அறுப்பார்களா? அறுத்த கல்லைத் திரும்பக் கிரஷரில் போட்டு நொறுக்குவதற்கா? தாத்தா சிரிக்கவில்லை. அவருடைய கேள்வி ஜல்லியைப் பற்றியது அல்ல என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

கம்பி ஏன் வந்தது? வேட்டு வைத்தால் கல்லுக்குள் மயிரிழை விரிசல் ஓடிவிடும். அறுத்துப் பாலிஷ் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் கல்லில் விரிசல் தெரிந்தால் பிளாக் முழுக்க நஷ்டம். கல்லுக்குக் காயம் படக் கூடாது என்றுதான் அவ்வளவு பணம் போட்டு எந்திரம் வாங்கினார்கள். ஆளுக்குத் தூசி குறைந்ததும் அதிர்ச்சி குறைந்ததும் அதோடு ஒட்டி வந்த லாபம். விலையுள்ள கல்லின் பக்கத்தில் நின்றவனுக்கு அந்த லாபம் கிடைத்தது. விலை மலிந்த கல்லின் பக்கத்தில் நின்றவனுக்கு வேட்டும் புழுதியும்தான்.

கம்பி நல்லது மட்டும் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். மேலூர் வட்டாரத்துக் குன்றுகள் போன கதை நாட்டுக்கே தெரியும். 2012-ல் மதுரை ஆட்சியர் சகாயம் கிரானைட் முறைகேடு பற்றி எழுதிய அறிக்கை வெளியானது. 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. வேட்டுச் சத்தம் கேட்டால் ஒரு கரடு குறைகிறது என்று ஊருக்குத் தெரியும். மாவு மில் ரீங்காரத்தைக் கேட்டு யாரும் வாசலுக்கு வர மாட்டார்கள்.

அதே 2012-ல், செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் போனார்கள். அவர்களில் பலர் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்தவர்கள். அன்றைக்கும் எங்கள் ஊரில் சத்தம் காலில்தான் முதலில் கேட்டது. பணி ஓய்வு பெற்றிருந்த அப்பா எழுந்து நின்று, "இது கரடு இல்ல" என்றார். 2024 மே 1, தொழிலாளர் தினம்; காரியாபட்டிக்குப் பக்கத்தில் ஆவியூர் வட்டாரத்துக் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து 3 பேர் செத்தார்கள். இந்த முறை கரடுதான். பட்டாசும் கல்லும் எங்கள் மாவட்டத்தில் இரண்டு தொழில் என்பதே கணக்குக்குத்தான். பொறி ஒன்று, மருந்து ஒன்று, ஓடிப் போய்ப் பார்க்கிற சனமும் ஒன்று.

தாத்தா போய்ப் பல வருஷம் ஆயிற்று. எங்கள் கரடும் இப்போது இல்லை. அந்த இடத்தில் பனைமர ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. சுவர் முழுக்க மேலிருந்து கீழாக வரி வரியாகத் தமர்த் தடங்கள். வேட்டு வெடிக்கும்போது தமர் இரண்டாகப் பிளக்கும். பாதி பாறைச் சுவரிலேயே தங்கிவிடும், பாதி உடைந்த கல்லோடு போய்விடும்.

போன வருஷம் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டினேன். சுக்கான் வரை தோண்டி, இரண்டு லோடு கல் இறக்கினோம். குவியலில் ஒரு கல்லின் ஓரத்தில் பாதிக் குழாய் மாதிரி வழவழப்பான பள்ளம். விரலை வைத்தேன், சரியாகப் பொருந்தியது. கொத்தனார் அதை உள்பக்கம் மறைத்து வைக்கப் போனார். "வெளியே தெரியிற மாதிரி வைங்க அண்ணாச்சி" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வைத்தார்.

உங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் கல் வெளியே தெரிகிற இடம் இருந்தால், குனிந்து பாருங்கள். அரைத் தமர் ஒன்று கட்டாயம் இருக்கும். மத்தியானம் ஒன்றரை மணிக்குத் திரியில் நெருப்பை வைத்துவிட்டு ஒருவர் ஓடிய தடம் அது.